மெமரி கார்டுக்கு நாடி பிடிப்பது எப்படி: வேகம் எங்கே அடைபடுகிறது என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

பர்மாவில் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் தீமிதியை ஒரு தடவை முழுக்கப் போனிலேயே படம் பிடித்தேன். ஃபோர்கே, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், கார்டில் 58 ஜிபி. யாங்கோன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, அதனால் காத்திருந்தேன். பத்து மணி சுமாருக்குத் தெரு முழுக்க "மீ லா ப்யீ!" என்று பிள்ளைகள் கத்தின சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் கரண்ட் வந்ததற்கு அதுதான் அறிவிப்பு. உடனே கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு, வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி கொடுத்தால், திரையில் நொடிக்கு 16 எம்பி, பாக்கி ஒரு மணி நேரம் என்று வருகிறது. கார்டின் நெற்றியிலோ 170 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறான். நாற்பதாவது நிமிஷத்தில் மறுபடி இருட்டு.

அன்றைக்கு ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கார்டையும் அதை விற்ற கடைக்காரரையும் திட்டித் தீர்த்தேன். பிறகு பார்த்தால் கார்டு மேல் ஒரு தப்பும் இல்லை. கோளாறு எங்கே என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று ஒரு ஐம்பது கார்டாவது கையில் வாங்கிப் பார்த்திருப்பேன். ஒரு விஷயம் பிடிபட்டது. காப்பி வேகம் என்று திரையில் வருகிற எண் சும்மா வருகிற எண் இல்லை, அது ஒரு நாடி. நாட்டு வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதமா பித்தமா என்று சொல்வார் இல்லையா, அந்த மாதிரி 11, 22, 38, 90 என்று அந்த எண் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்தே எது அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். புதுக் கார்டு வாங்கக் காசு செலவழிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் எம்பி குழப்பம்

வேகத்துக்கு இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது, மெகாபிட், மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். யுஎஸ்பி, வைஃபை, வீடியோ தரம் எல்லாம் மெகாபிட்டில் பேசும். கார்டும் காப்பித் திரையும் மெகாபைட்டில் பேசும். யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், அதில் கையில் கிடைப்பது 35, 40 தான். இந்தக் கட்டுரையில் நான் எம்பி என்றால் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 64 ஜிபி கார்டை விண்டோஸ் 59.6 என்று காட்டும், 128ஐ 119 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டுக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இதை வைத்துக் கடையில் சண்டை போட்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

படி 1: ஸ்லாட் என்ன ரகம் என்று பாருங்கள்

எல்லாரும் கார்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் ஸ்லாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தேர் எத்தனை பெரியதாக இருந்தாலும் சந்து விடுகிற அகலத்துக்குத்தான் போக முடியும்.

எஸ்டி கார்டு 1999இல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்று பேரும் சேர்ந்து கொண்டுவந்தது. போனில் போடுகிற நகம் அளவு மைக்ரோ எஸ்டி 2005இல் அந்தப் பெயரில் வந்தது, 15க்கு 11 மில்லிமீட்டர். அளவு இன்று வரை மாறவில்லை, ஆனால் உள்ளே ஓடுகிற பாதை பல தடவை மாறிவிட்டது. குழப்பத்துக்குக் காரணமே அதுதான், பழையதும் புதியதும் ஒரே ஓட்டைக்குள் போகும்.

பாதைகளை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பகால டிஃபால்ட் வேகம் 12.5 எம்பி. அடுத்தது ஹை ஸ்பீட், 25 எம்பி. 2010இல் யுஎச்எஸ்-1, அதாவது அல்ட்ரா ஹை ஸ்பீட், வந்தது, அதில் 50 எம்பி முறை ஒன்று, 104 எம்பி முறை ஒன்று. 2011இல் யுஎச்எஸ்-2, 312 எம்பி வரை. யுஎச்எஸ்-3 ஒன்று 2017இல் வந்தது, 624 எம்பி என்று காகிதத்தில் போட்டார்கள், கடைத்தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அதை மறந்துவிடலாம். 2018இல் எஸ்டி எக்ஸ்பிரஸ், கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி பேசுகிற அதே பிசிஐஇ பாதையில் 985 எம்பி. மைக்ரோ அளவில் அது அடுத்த வருஷம் வந்தது.

இதில் கையில் வைத்திருக்கிற சாதனங்களுக்கு எது பொருந்தும்? போன் என்றால் யுஎச்எஸ்-1 தான் உச்சம், அதுவும் விலை குறைந்த போன்களில் 104 முறை இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கையில் வைத்து ஆடுகிற கேம் கருவிகளில் ஸ்டீம் டெக், முதல் நின்டென்டோ ஸ்விட்ச் இரண்டும் யுஎச்எஸ்-1. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு போட்டால்தான் கேம் ஏற்ற முடியும், பழைய கார்டைப் போட்டால் அதில் இருக்கிற படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நல்ல கேமராக்களில் மட்டும் யுஎச்எஸ்-2 ஸ்லாட் உண்டு.

யுஎச்எஸ்-2 கார்டையும் எக்ஸ்பிரஸ் கார்டையும் திருப்பிப் பார்த்தால் தங்கநிறக் கம்பிகள் இரண்டு வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-1இல் ஒரே வரிசை. இரண்டு வரிசைக் கார்டை ஒரு வரிசை ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஒரு வரிசை வேகத்தில்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: யுஎச்எஸ்-2 கார்டை எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போட்டாலும் அது யுஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் அந்த இரண்டாவது வரிசையை இரண்டும் வேறு வேறு மொழியில் பயன்படுத்துகின்றன. ஆக, போனுக்கு யுஎச்எஸ்-2 கார்டு வாங்குவது குறுகின சந்தில் ஓட்ட லாரி வாங்கின கதை.

போன் வாங்கும்போது ஒரு விஷயம். எங்கள் ஊரில் ஒரு சிம் யாருக்கும் போதாது, ஒன்றில் டவர் இல்லையென்றால் இன்னொன்று. ஆனால் நிறைய போன்களில் டிரே இரண்டும்கெட்டான், இரண்டாவது சிம் போடுகிற இடத்தில்தான் கார்டும் உட்கார வேண்டும். ஊசியைக் குத்தி டிரேயை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள், பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். விலை உயர்ந்த போன்களில் ஸ்லாட்டே கிடையாது. சாம்சங் எஸ் வரிசையில் 2021இல் எஸ்21 வந்ததிலிருந்து இல்லை.

படி 2: கார்டின் முகத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம், சின்ன எழுத்தில் இருப்பதுதான் வாக்குறுதி.

அந்த 170, 190 எல்லாம் படிக்கிற வேகம், அதுவும் "வரை". யுஎச்எஸ்-1 பாதையே 104 தானே, 170 எப்படி வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில கம்பெனிகள் தங்கள் கார்டும் தங்கள் ரீடரும் சேர்ந்தால் மட்டும் ஓடுகிற தனி முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள், அந்த ஜோடியில் அளந்த எண் அது. உங்கள் போனிலோ ஸ்டீம் டெக்கிலோ அது 85, 95 என்றுதான் வரும். அது வந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், அதற்கு மேல் அங்கே இல்லை.

வாக்குறுதி என்று சொன்னது எழுதுகிற வேகத்துக்கான அடையாளங்களை. சி எழுத்துக்குள் 10 இருந்தால் குறைந்தது 10 எம்பி. யு எழுத்துக்குள் 1 என்றால் 10, யு எழுத்துக்குள் 3 என்றால் 30. வி30, வி60, வி90 என்றால் அந்த எண்ணே எம்பி. ஃபோர்கே வீடியோ 100 மெகாபிட்டில் எடுத்தால்கூட நொடிக்கு 12.5 எம்பிதான் எழுதுகிறது, என் போன் எடுப்பது அதில் பாதி. எனவே போனுக்கு வி30 தாராளம். வி90 கேட்கிற கல்யாண வீடியோக்காரர்கள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள்.

ஏ1, ஏ2 என்பது ஆப், கேம் ஓட்டுகிறவர்களுக்கு. அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு எத்தனை தடவை படிக்கலாம், எழுதலாம் என்கிற கணக்கு. ஏ1 என்றால் படிக்க 1500, எழுத 500. ஏ2 என்றால் 4000, 2000. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏ2 எண்கள் வர வேண்டுமென்றால் சாதனமும் கட்டளைகளை வரிசையில் போட்டு அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அது தெரியாத சாதனத்தில் ஏ2வுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தண்டம்.

அப்புறம் கொள்ளளவு ரகம். 2 ஜிபி வரை சாதா எஸ்டி, 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. பழைய கேமரா, பழைய கேம் கருவி சில எஸ்டிஎச்சியோடு நின்றுவிடும், 64 ஜிபி போட்டால் கார்டே இல்லை என்று சொல்லும். கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 3: போலியா என்று பாருங்கள், அளப்பதெல்லாம் அப்புறம்

நடைபாதையில் 512 ஜிபி கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று நானே வாங்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. போனில் போட்டால் 512 என்றே காட்டியது. படம், பாட்டு எல்லாம் ஏற்றினேன், பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் பாதி திறக்கவில்லை. உள்ளே இருந்தது 32 ஜிபிதான். கார்டின் உள் மூளையை "நான் 512" என்று பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். இடம் தீர்ந்ததும் புதிதாக எழுதுவதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது காற்றில் விடும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அச்செல்லாம் அசலை விட நன்றாக இருக்கும். முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டைக் காலியாக்கிவிட்டு ஓட்டுங்கள். 128 ஜிபி கார்டு, 25 எம்பி எழுதும் என்றால் எழுதுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும், பிறகு படிக்க வேண்டும். அதனால் கரண்ட் நிற்கிற நேரம் பார்த்து ஆரம்பியுங்கள், அல்லது பேட்டரி நன்றாக இருக்கிற சிநேகிதர் லேப்டாப்பில் போட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள். வாங்கின அன்றே செய்துவிட வேண்டும். கடைக்காரருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும்போதே.

படி 4: அளவு எடுங்கள்

3 ஜிபி, 4 ஜிபி அளவில் ஒரே கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள், ஒரு சினிமா போதும். ஆயிரம் போட்டோ இருக்கிற ஃபோல்டரை வைத்து அளக்காதீர்கள், அது வேறு நோய், அதற்கு வருகிறேன். கோப்பைக் கார்டுக்குக் காப்பி செய்து கடிகாரத்தில் நேரம் பாருங்கள். பிறகு அதைக் கார்டிலிருந்து கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்குக்குக் காப்பி செய்து நேரம் பாருங்கள். எம்பியை நொடியால் வகுத்தால் எழுதும் வேகம் ஒன்று, படிக்கும் வேகம் ஒன்று கிடைக்கும்.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, இப்போதுதான் எழுதின கோப்பை உடனே படித்தால் கம்ப்யூட்டர் கார்டைத் தொடாமல் ராமில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிடும். 100 எம்பி கார்டு 1500 எம்பி என்று காட்டும், நீங்களும் குதிப்பீர்கள். நடுவில் முறைப்படி எஜெக்ட் செய்து கார்டை வெளியே எடுத்து மறுபடி போட்டுவிட்டுப் படியுங்கள். இன்னொன்று, லினக்ஸில் காப்பி முடிந்தது என்று பட்டை நிறைந்துவிடும், உண்மையில் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொல்கிற வரைக்கும் உள்ள நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஏ1 எஸ்டி பெஞ்ச் என்று ஒரு ஆப் இருக்கிறது, கார்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் இரண்டு எண்ணும் கொடுக்கும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க். போனில் அளக்கும்போது போன் சூடாக இருக்கக் கூடாது. ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா சமயத்து வெயிலில் பாக்கெட்டிலிருந்து எடுத்த போன் எதையும் ஒழுங்காகச் சொல்லாது.

படி 5: எண்ணைப் பார்த்து நோயைச் சொல்லுங்கள்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். படிக்கும் வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அது பொய் சொல்வது குறைவு.

20லிருந்து 23க்குள் நின்று அசையவே இல்லை என்றால் பாதை ஹை ஸ்பீடில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் எல்லை 25 என்று சொன்னேன் இல்லையா, அதில் செலவு போக இதுதான் மிச்சம். யுஎச்எஸ் தெரியாத பழைய ரீடர், அல்லது ஸ்லாட். சில சமயம் ஸ்லாட்டுக்கு யுஎச்எஸ் தெரியும், ஆனால் கம்பியில் அழுக்கோ, மைக்ரோ எஸ்டியைப் பெரியதாக்குகிற அந்த அடாப்டர் தளர்ந்து போயோ இருக்கும், பேச்சுவார்த்தை சரிவராமல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அடாப்டரை மாற்றிப் பார்ப்பதற்குக் காசு ஆகாது. இதே கதைதான் 10, 11இல் நின்றாலும், இன்னும் ஒரு படி கீழே.

30லிருந்து 40க்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், யுஎஸ்பி 2.0. நடுவில் எங்கேயோ ஒரு 2.0 உட்கார்ந்திருக்கிறது, ரீடரோ, கேபிளோ, ஒரு ஓட்டையைப் பலதாக்குகிற ஹப்போ, கம்ப்யூட்டரின் ஓட்டையோ. டைப்-சி வடிவம் இருந்தால் வேகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்; நிறைய போன்களில் வடிவம்தான் டைப்-சி, உள்ளே ஓடுவது 2.0, ஐபோன் 15 சாதா மாடலில்கூட அப்படித்தான். போனோடு வருகிற சார்ஜர் கேபிள்களும் பெரும்பாலும் 2.0 தான். இன்னொரு வேடிக்கை, நீல நிற யுஎஸ்பி 3 ஓட்டையில் ரீடரை மெதுவாக, தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னால் இருக்கிற 2.0 கம்பிகள் முதலில் தொட்டு அந்த வேகத்திலேயே கைகுலுக்கிவிடும். வெளியே எடுத்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள், 38 இருந்தது 90 ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

40க்கும் 46க்கும் நடுவில் நின்றால் யுஎச்எஸ்-1இன் 50 முறை. ஸ்லாட்டின் உச்சமே அதுவாக இருக்கலாம், ஒன்றும் செய்வதற்கில்லை.

85லிருந்து 95 என்றால் ஆரோக்கியம். சாதா ரீடரில், யுஎச்எஸ்-1 சாதனத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸ் ஓடுகிற கருவி என்றால் உள் ஸ்லாட்டில் கார்டைப் போட்டுவிட்டு டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், ஹை ஸ்பீட் என்று மட்டும் எழுதியிருக்கிறதா, அல்ட்ரா ஹை ஸ்பீட் எஸ்டிஆர்104 என்று எழுதியிருக்கிறதா என்று தெரிந்துவிடும், ஊகமே வேண்டாம்.

படிப்பது 90, எழுதுவது மட்டும் 15 என்றால் பாதையில் கோளாறு இல்லை, கார்டின் தரமே அவ்வளவுதான். எழுதுவது 80இல் ஆரம்பித்து ஒரு சில ஜிபி போனதும் பொத்தென்று விழுந்தால், கார்டுக்குள் வேகமாக எழுத ஒதுக்கி வைத்த சின்ன இடம் நிறைந்துவிட்டது, அல்லது கார்டு சூடேறிவிட்டது. அந்த விழுந்த வேகம்தான் உண்மையான வேகம். வி30 என்று போட்ட கார்டு, சரியான ஸ்லாட்டில், ஃபார்மேட் செய்த பிறகும் 30க்குக் கீழே விழுந்து அங்கேயே கிடந்தால்தான் கார்டைச் சந்தேகப்பட வேண்டும்.

படி 6: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நோய் தெரிந்தது, ஆனால் ஆள் யார் என்று தெரியவில்லை என்றால் இந்த விளையாட்டு. ரீடரை மட்டும் மாற்றி அளங்கள். வேகம் மாறவில்லையா, பழைய ரீடரையே போட்டுவிட்டு ஓட்டையை மாற்றுங்கள். அப்புறம் கேபிள். கடைசியில் கார்டு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாமல் அடுத்த தடவை மறுபடி முழிப்பீர்கள்.

என் தீமிதிக் கார்டு கதை இங்கேதான் பிடிபட்டது. 16 என்பது மேலே சொன்ன எந்த எண்ணிலும் சேரவில்லை, அதுதான் என்னைக் குழப்பியது. லேப்டாப்பில் வலது பக்க ஓட்டை உடைந்துவிட்டதால் ஒரு பழைய ஹப் வைத்திருந்தேன், ரீடரும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டுமே அந்த ஒரே ஹப்பில். ஹப் 2.0. கார்டிலிருந்து உள்ளே வருகிற ஒவ்வொரு பைட்டும் அதே கம்பி வழியாக டிஸ்க்குக்கு வெளியே போக வேண்டும், ஆக 35ஐ இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு. கார்டில் படித்து அதே கார்டில் எழுதினாலும் இதேதான் நடக்கும். ரீடரை நேராக லேப்டாப்பின் நீல ஓட்டையில் செருகி, முதலில் உள் டிஸ்க்குக்கு எடுத்தபோது 90 வந்தது. அதே 58 ஜிபி, பதினோரு நிமிஷம்.

போனைக் கேபிளில் மாட்டி எடுக்கிறவர்களுக்கு

ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் எம்டிபி என்கிற முறையில் பேசும். அது ஒவ்வொரு கோப்புக்கும் போய் அனுமதி கேட்டு, பதில் வாங்கி, பிறகு அனுப்பும் ரகம். பெரிய வீடியோ ஒன்று என்றால் தாங்கும், வாட்ஸ்ஆப் போட்டோ பத்தாயிரம் என்றால் விடிந்துவிடும். கார்டைக் கழற்றி ரீடரில் போடுவது எப்போதும் நல்லது. கார்டில் எந்தக் கோளாறும் இல்லாமல் 2, 3 எம்பி காட்டுவது இந்தச் சின்னக் கோப்புக் கூட்டத்தால்தான், ரீடரிலும் ஓரளவு வரும். அவற்றைப் போனிலேயே ஒரு ஜிப் கோப்பாகக் கட்டிவிட்டு நகர்த்தினால் எறும்பு வரிசை ஒரு மூட்டையாகிவிடும்.

மோல்மேனிலிருந்து என் சித்தப்பா மகன், கப்பலில் வேலை, சிங்கப்பூரில் ஸ்டீம் டெக் வாங்கி வந்தவன், ஒரு நாள் கூப்பிட்டான். "அண்ணே, கார்டை லேப்டாப்பில் போட்டால் ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது, போலிக் கார்டா?" போலி இல்லை. ஸ்டீம் டெக் கார்டை இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்கிறது, விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது. "சரி என்று மட்டும் அழுத்திடாதடா தம்பி" என்றேன், நல்லவேளை அழுத்தவில்லை. இதே மாதிரி ஆண்ட்ராய்டில் கார்டை உள் சேமிப்பாக மாற்றிக்கொள்கிற வசதி 2015இல் ஆறாம் பதிப்போடு வந்தது. அப்படி மாற்றினால் கார்டு பூட்டப்பட்டு அந்த ஒரு போனோடு கல்யாணம் ஆகிவிடும், வேறு எங்கே போட்டாலும் வாயே திறக்காது. போன் செத்தால் படங்களும் போச்சு. நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

ஃபார்மேட், கரண்ட், மழை

கார்டை அது ஓடப் போகிற சாதனத்திலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும் என்றால் எஸ்டி சங்கமே இலவசமாகக் கொடுக்கிற எஸ்டி கார்டு ஃபார்மேட்டர் இருக்கிறது. 32 ஜிபிக்கு மேல் என்றால் எக்ஸ்ஃபேட் வரும், அதையே விடுங்கள். ஃபேட்32 ஆக்கினால் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பு ஏறாது.

எக்ஸ்ஃபேட்டுக்கும் ஃபேட்32க்கும் ஒரு பலவீனம், செய்து கொண்டிருந்த வேலையைக் குறித்து வைக்கிற நாட்குறிப்பு அவற்றில் கிடையாது. எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று கார்டுக்கே தெரியாது. அதனால் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் கட் செய்து பேஸ்ட் செய்யவே கூடாது. காப்பி மட்டும். முடிந்ததும் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் கார்டிலிருந்து அழிப்பது. டெராகாப்பி என்கிற விண்டோஸ் மென்பொருள் சரிபார்த்துக் கொடுக்கும். விண்டோஸில் ரோபோகாப்பி, லினக்ஸில் ஆர்சிங்க் (rsync) பழகிக்கொண்டால் இன்னும் நல்லது, கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முடிந்த கோப்புகளைத் தாண்டிவிட்டு மிச்சத்திலிருந்து தொடரும். கரண்ட் வருகிற நேரம் குறைவு என்றால் எது ரொம்ப முக்கியமோ அந்த வீடியோவை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள்.

மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது, சுவரெல்லாம் வியர்க்கும். கார்டுக் கம்பிகள் மங்கிப்போய் நேற்று வரை 90 காட்டினது திடீரென்று 22க்கு இறங்குவது இந்தக் காலத்தில்தான் அதிகம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். ரப்பர் வைத்துத் தேய்க்கிறார்கள் சிலர், பூச்சு போய்விடும், வேண்டாம். பயன்படுத்தாத கார்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கார்டையும் சின்னக் கவரில் போட்டு, மேலே பேனாவில் வாங்கின தேதியும் அன்று அளந்த இரண்டு எண்களும். என்னிடம் இருக்கிற தீமிதிக் கார்டின் கவரில் 91, 62 என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுகிறேன்.